நூல் கட்டாத பாட்டில்

உப்பளத்தில் நாற்பது வருசத்துக்கு மேல் தலைச்சுமை எடுத்தவள் நான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் எங்கள் அளத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிற பெண்கள் மூன்று பேர்தான். அதில் நான் ஒருத்தி. இதை எழுதி முடிக்க எனக்கு ஒரு மாசம் ஆனது. ஆகட்டும். என் கோபத்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில், ஊர் முடிந்ததும் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரியுமே, அதில் ஒரு அளம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை செய்கிற இடம். முதலாளி வேறு. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து அழகாக இருக்கிறது என்பார்கள். விடிவதற்கு முன்னாலேயே பாத்தியில் இறங்க வேண்டும். ஆண்கள் பலகையால் வாரி ஒதுக்கிய உப்பைச் சட்டியில் அள்ளி, தலையில் வைத்து, வரப்பு வழியாக நடந்து, மேட்டில் அம்பாரமாகக் குவிக்க வேண்டும். திரும்பி வந்து மறுபடி ஒரு சட்டி. பகல் ஒரு மணி வரைக்கும் இதுதான். அங்கே மரம் கிடையாது. நிழல் என்று இருப்பது ஓலைக் கொட்டகை ஒன்று.

அந்தக் கொட்டகையில் முன்பு ஒரு பெரிய டிரம் இருந்தது. டிராக்டரில் ஆற்றுத் தண்ணீர் கொண்டு வந்து நிரப்புவார்கள். ஆளுக்கொரு செம்பு கொண்டு போவோம், மொண்டு குடிப்போம், கவிழ்த்து வைப்போம். வெயில் தின்று தின்று ஒரு கோடையில் டிரம் கீறல் விட்டது. புது டிரம் கேட்டோம். கேட்டுக்கொண்டே இருந்தோம். அந்தச் சமயத்தில், வேலை செய்கிறவர்களுக்கு நல்ல குடிதண்ணீர் உண்டா என்று யாரோ அதிகாரிகள் வந்து முதலாளியிடம் விசாரித்தார்களாம். அடுத்த திங்கட்கிழமை வந்து இறங்கியது பாட்டில். பிளாஸ்டிக் தாள் சுற்றிய கட்டுக் கட்டாக, லோடு ஆட்டோவில். ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்து, வரிசையாக நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். சுத்திகரித்த குடிநீர் பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்து மற்றவர்களுக்குச் சொன்னேன்.

அன்றைக்கு எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. கல்யாண மண்டபத்தில் இலைக்கு இலை வைக்கிற பாட்டில், ஆபீசர் மேசையில் நிற்கிற பாட்டில், உப்புச் சட்டி சுமக்கிறவள் கைக்கும் வந்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டார்கள். நான் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். எட்டு மணி வெயிலிலேயே அது சுடுதண்ணீர் ஆகிவிட்டது. வாயெல்லாம் பிளாஸ்டிக் வாடை. அப்படியே வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் தண்ணீர் கொண்டு போய், ஈரத்துணி சுற்றிக் குடித்தேன். மற்றவர்களையும் கொண்டு வரச் சொன்னேன். சும்மா கொடுக்கிறதை விட்டுவிட்டு யார் சுமப்பார்கள்? மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறவள் சோற்றுச் சட்டியோடு தண்ணீரையும் சுமப்பாளா? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாட்டில் வந்த பிறகு ஒரு தொல்லை. பாதி குடித்துவிட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போகிறாள் ஒருத்தி. திரும்பி வந்து பார்த்தால் ஒரே மாதிரி இருபது பாட்டில் பாதிப் பாதியாக நிற்கிறது. எது தன்னுடையது? இன்னொருத்தி வாய் வைத்ததோ என்னவோ என்று, புதுசாக ஒன்றை உடைப்பாள். பாதித் தண்ணீரோடு பழையது தரையில் உருளும். அதற்குத்தான் நூல் கட்டுகிற வழக்கம் வந்தது. ஆளுக்கொரு நிறம். கழுத்தில் சிவப்பு நூல் இருந்தால் இன்னாருடையது, மஞ்சள் என்றால் இன்னாருடையது. என் அண்ணன் மகள் ஒருத்தி எங்களோடு சுமக்கிறாள், அவள் தன் பழைய நீலச் சேலையில் கிழித்த துணியைக் கட்டியிருப்பாள். நூல் இருந்தால் ஒருத்திக்குச் சொந்தம். நூல் இல்லாமல் கழுத்துவரை நிறைந்திருந்தால் புதுசு, யாரும் எடுக்கலாம். எழுதி வைக்காத சட்டம் அது. இருபது பேரும் அதை மீறியதில்லை.

குடித்த பாட்டில் எங்கே போகும் என்று கேட்பீர்கள். எங்கேயும் போகாது. காற்று உருட்டிக் கால்வாயில் தள்ளும். கால்வாய் வழியாக மடைக்கு வந்து அடைக்கும். மடையைத் திறக்க ஆள் இறங்கி அள்ளிக் கரையில் போடுவான், மறுபடி காற்று உருட்டும். வெயிலில் மொறுமொறுவென்று ஆகி, மிதித்தால் உடையும். அந்தச் சில்லெல்லாம் பாத்தியில்தான் கிடக்கும். மூடிக்குக் கீழே ஒரு வளையம் இருக்குமே, அது உப்போடு உப்பாக அம்பாரத்துக்கு வரும். புரட்டாசியில் தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போகிற வேன்களிலிருந்து எறிகிறது தனி. மாலை போட்டு விரதம் இருந்து போகிறவர்கள், ஜன்னல் வழியாக எங்கள் பாத்தியில் பாட்டிலை எறிந்துவிட்டு அம்மனைக் கும்பிடப் போகிறார்கள். இந்த உப்பு எந்த வீட்டுக் குழம்பில் விழுகிறதோ. ஊரெல்லாம் உப்பு என்று நம்பி வாயில் போடுகிறதே என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குனிந்து பொறுக்கினால், கங்காணி, அதாவது எங்களை வேலை வாங்குகிறவன், நேரத்தை வீணாக்காதே என்பான்.

காலிப் பாட்டில் எல்லாம் வீணாகவும் போகவில்லை. எங்கள் புத்தி அப்படி. ஒன்றை ஊற்றி வைக்க முடியும் என்றால் அதைத் தூர எறிய மாட்டோம். மண்ணெண்ணெய்க்கு ஒன்று, விளக்கெண்ணெய்க்கு ஒன்று. கங்காணியும் அதே புத்திக்காரன்தான். உப்பு வாரின பிறகு பாத்தியில் ஒரு தண்ணீர் மிஞ்சும். கொழகொழவென்று இருக்கும், நாக்கில் பட்டால் கசப்பு உச்சந்தலை வரை ஏறும். நஞ்சுத் தண்ணீர் என்று நாங்கள் சொல்லுவோம். அதையும் வாங்க கம்பெனிக்காரர்கள் உண்டு. வாங்குமுன் சோதித்துப் பார்க்க மாதிரி கேட்பார்கள். அந்த மாதிரியைக் கங்காணி எடுத்தது எதில்? காலித் தண்ணீர்ப் பாட்டிலில்.

அன்றைக்குப் பத்து மணி இருக்கும். நான் கொட்டகைப் பக்கம் போகிறதைப் பார்த்து அவன் வரப்பிலிருந்தே கூப்பிட்டான்.

"ஆச்சி, இதை நிழல்ல வச்சிரு. மாதிரி. மத்தியானம் எடுத்துட்டுப் போவணும்."

வாங்கினேன். கழுத்துவரை நிறைந்திருந்தது. வெயிலில் லேசாக மஞ்சள் தெரிந்தது. கொட்டகைக்குள் கொண்டு போனால் அதுவும் தெரியவில்லை. பாட்டில் கட்டு இருக்கிற இடத்தில்தான் நல்ல நிழல். அங்கே வைத்தேன். வைத்துவிட்டு என் தூக்குவாளியைத் திறந்து குடித்துவிட்டுப் போய்விட்டேன். நான் அந்தப் பாட்டில்களைத் தொடாதவள். அதனால் அதில் கை வைக்கிற மற்றவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை, இங்கேயும் மறைக்க மாட்டேன். வைத்த கை என்னுடையது.

அரை மணி கழித்து என் அண்ணன் மகள் கொட்டகைக்கு வந்திருக்கிறாள். நீலத்துணி கட்டிய பாட்டில் காலி. பக்கத்தில் நூல் இல்லாமல் நிறைந்து நிற்கிறது ஒன்று. மூடி இளகி இருந்ததைத் தாகத்தில் எங்கே கவனிக்க? எங்கள் வீடுகளில் வாய் வைத்துக் குடிக்கிற பழக்கம் இல்லை. அண்ணாந்து, தொண்டைக்குள் ஊற்றுவோம். ஊற்றினாள். இரண்டு மடக்கு உள்ளே இறங்கின பிறகுதான் நாக்குக்குச் செய்தி வந்தது.

நான் சட்டியோடு மேட்டில் நிற்கிறேன். அவள் கொட்டகையிலிருந்து குனிந்தபடி ஓடி வருகிறாள்.

"அத்தே, கசக்கு. தொண்டை எரியுது அத்தே."

சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் கையில் இருந்தது நான் வைத்த பாட்டில். என் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். குடித்தாள், வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வயிறும் போக ஆரம்பித்தது. எங்கே போவாள்? கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை. ஒதுங்க ஒரு செடி இல்லை. கக்கூஸ் என்று ஒன்று அந்த அளத்தில் என் ஆயுசில் கட்டவில்லை. வேலைக்காரப் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடித்துக் காலந்தள்ளுகிற இடம் அது. நாங்கள் எட்டுப் பேர் சாக்கைப் பிரித்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றோம். உப்பு ஏற்ற வந்த லாரிக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"ஏலே, அங்கன திரும்பி நில்லுங்க. உங்க அக்கா தங்கச்சின்னா இப்படித்தான் பாப்பீங்களா?" என்று கத்தினேன். திரும்பிக்கொண்டார்கள். அதில் ஒருவன்தான் பிறகு லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், அதையும் சொல்ல வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். டாக்டர் பெண்பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டது. நான் வாயைத் திறக்குமுன், கூடவே வந்திருந்த கங்காணி முந்திக்கொண்டான். பழைய கஞ்சி குடித்திருக்கிறாள், புளித்துப் போயிருக்கும் என்றான். எனக்கு வந்ததே ஒரு கோபம். அவள் குடித்தது என் வீட்டுக் கஞ்சி. காலையில் நான் ஊற்றிக் கொடுத்தது. எத்தனை வருசமாக அந்தக் கஞ்சியில் நின்றுதான் இவர்களுடைய உப்பைச் சுமக்கிறோம். நான் அவனைத் தள்ளிவிட்டு, நஞ்சுத் தண்ணீர் குடித்துவிட்டாள், தண்ணீர்ப் பாட்டிலில் பிடித்து வைத்திருந்தது என்று சொன்னேன். அந்தப் பிள்ளை பேனாவை நிறுத்திவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலிலா என்று இரண்டு தடவை கேட்டது.

வெளியே வந்ததும் கங்காணி, வைத்தது யார், நீதானே, என்றான். ஆமாம் என்றேன். உள்ளே போய் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, அந்தப் பாட்டிலை அங்கே வைத்தது நான்தான் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். ஆனால் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டிலைத் தொடுவதில்லை என்பது சரி. என் தூக்குவாளியை நீட்டினேன், அதையும் வாங்கவில்லை. வேண்டாம் அத்தே என்பாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள். விடியக்காலத்திலிருந்து ஒரு மணி வரை அந்த வெயிலில் ஒரு சொட்டு இறங்காமல் சுமந்தாள். உதடு வெடித்தது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று இன்னொருத்தியிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் அம்பாரத்தில் ஏறுகையில் கண் இருட்டிச் சட்டியோடு சரிந்தாள். அதே சமயம் கொட்டகையில் புதுக் கட்டு பாட்டில் இறக்குகிறார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கங்காணி தாளை நீட்டுகிறான்.

போட மாட்டேன் என்றேன். முதல் தடவையாக.

அன்றைக்கு வேலை முடிந்து போகிற வழியில் ஒவ்வொருத்தியாகப் பிடித்துச் சொன்னேன். நாளைக்கு ஆளுக்கொரு செம்பு கொண்டு வர வேண்டும். பாட்டிலைத் தொடக் கூடாது. டிரம் வந்து, அதில் தண்ணீர் வந்து, குடித்த பிறகுதான் பாத்தியில் இறங்க வேண்டும். சிலர் பயந்தார்கள். ஒருத்தி எப்போதும் வாயாடி. "ஆச்சிக்கு வயசான காலத்துல தலைவி ஆவணும்னு ஆசை வந்துட்டு," என்றாள்.

"தலைவி ஆனா உனக்குத்தாம்ளா முதல் வேலை. வாயை மூடுத வேலை," என்றேன். சிரித்தார்கள். சிரித்த பிறகு யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

புரட்டாசி கடைசி அது. மேகம் கூடுகிற காலம். பாத்தியில் கிடக்கிற உப்பை அள்ளி, அம்பாரம் கட்டி, மழைக்கு முன் ஓலை போட்டு மூடவில்லையானால் அத்தனையும் கரைந்து போகும். முதலாளிக்கு அது தெரியும். எங்களுக்கும் தெரியும். காலையில் இருபது பேரும் செம்பை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்தோம். கங்காணி முதலில் அதட்டினான், பிறகு கெஞ்சினான், பிறகு போன் பண்ணினான். எட்டரைக்கு முதலாளியின் கார் வந்தது.

மரியாதையான மனுசர்தான். குரலை உயர்த்த மாட்டார். நடந்ததற்கு வருத்தம் என்றார். கங்காணியைக் கண்டித்ததாகச் சொன்னார். கட்டிலிருந்து ஒரு பாட்டிலை அவரே உருவி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பெரியம்மா, டேங்க் தண்ணியில தூசி விழும், பாசி பிடிக்கும். இது சுத்தமான தண்ணி. உங்க நல்லதுக்குத்தானே தாரேன்."

வாங்கிக்கொண்டேன். என் பைக்குள்ளிருந்து இரண்டு பாட்டிலை எடுத்தேன். அதே அளவு, மேலே ஒட்டின தாளைக் கிழித்துவிட்டது, இரண்டும் கழுத்துவரை நிறைந்தது. விடியுமுன்னே வந்து நானே பிடித்து வைத்தவை. அவருக்கு முன்னால், நிழலில், பலகை மேல் வைத்தேன்.

"ஒண்ணு நீங்க தந்த தண்ணி முதலாளி. இன்னொண்ணு உங்க பாத்தி நஞ்சுத் தண்ணி. எதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஏதாவது ஒண்ணைக் குடிங்க. நாங்க இப்பவே இறங்குதோம்."

அவர் இரண்டையும் பார்த்தார். கங்காணியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். முதலாளி கை ஒரு பாட்டில் பக்கம் போய், பாதியில் நின்றது. தப்பானதை வாய்க்குக் கொண்டு போயிருந்தால் நான் தட்டிவிட்டிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பயம் அவர் தொண்டையிலும் நிற்கட்டும் என்று விட்டேன். கையை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு டேங்க் வரும்," என்றார்.

"வரட்டும். உப்பும் நாளைக்கு வரும்," என்றேன்.

அவர் கடல் பக்கம் கறுத்திருந்த வானத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்குள் டிராக்டரில் டேங்க் வந்தது. கறுப்பு டேங்க், அடியில் குழாய் வைத்தது. கொட்டகைக்கு வெளியே வெயிலில் இறக்கினார்கள். தண்ணீர் லாரி பின்னாலேயே வந்தது. உடைக்காத பாட்டில் கட்டுகளை ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். மாதிரி பிடிக்க ஆபீசிலிருந்து கண்ணாடிக் குப்பி வந்தது, மேலே சிவப்புப் பெயிண்ட் பூசி. அதெல்லாம் முடியும், ஒரு காலை நேரத்தில் முடிகிற வேலைதான். அதற்கு ஒருத்தி குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்க வேண்டியிருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. டேங்கைப் படம் பிடிக்கவும் ஒருவன் வந்தான். வரிசையில் நிற்கச் சொன்னான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டேன்.

அந்த வாரம் கால்வாயிலும் மடையிலும் கிடந்த பாட்டிலைப் பொறுக்கினோம். வேலை நேரத்தில்தான் பொறுக்கினோம். கங்காணி வாய் திறக்கவில்லை. பதினான்கு சாக்கு. உடைந்த சில்லை எந்தச் சாக்கில் போட? அது பாத்தியோடு போச்சு.

இவ்வளவு நடந்தும் என் அண்ணன் மகள் குடிக்கவில்லை. மற்றவர்கள் செம்பில் பிடித்துக் குடித்தார்கள், முகம் கழுவினார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி தெளித்து விளையாடினார்கள். இவள் டேங்க் பக்கமே வரவில்லை. முதல் நாள் அவள் பார்க்கும்படி நான் முதலில் குடித்தேன். இரண்டாம் நாளும். குடி என்று சொல்ல என் குரலுக்கு அங்கே இடமில்லை என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் சட்டியை இறக்கிவிட்டு அவளாகவே வந்தாள். செம்பை எடுக்கவில்லை. குழாயைத் திறந்து இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள். கையில் பிடித்தால் தண்ணீரின் நிறம் தெரியுமல்லவா. வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். நாக்கு நுனியால் தொட்டுவிட்டுக் காத்திருந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து அண்ணாந்து குடித்தவள். இனி அப்படிக் குடிக்கவே மாட்டாள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அதை எந்த டேங்க் கொண்டு வந்து கொடுக்கும்?

நான் குழாய் பக்கம் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"சுடுது அத்தே," என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"டேங்குக்கு மேல ஓலைப் பந்தல் போடச் சொல்லி நாளைக்கு உட்காருவோம். இப்பக் குடி," என்றேன்.

குனிந்து குடித்தாள். மறுபடி கையைக் குவித்து நீட்டினாள். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.